இடப்பக்கச் சுவர்

பெஞ்சின் இடது கோடியில், தோள் சுவரோடு ஒட்டும்படி உட்கார்ந்த பிறகுதான் வடிவுக்கு மூச்சு சீராக வந்தது. இனி அந்தப் பக்கமிருந்து யாரும் பேச முடியாது. பேசினால் சுவர்தான் பேச வேண்டும். இசைக் கல்லூரியின் மாடி வராந்தா அது. நேர்முகத் தேர்வுக்கு வந்த பிள்ளைகள் நீளமாக உட்கார்ந்திருந்தார்கள். வலது கோடியில் கதவு. ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வரிசையாகக் கதவுப் பக்கம் நகர வேண்டும் என்று பியூன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னபோது அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. முதல் பையன் உள்ளே போய், எல்லோரும் ஓர் ஆள் அகலம் நகர்ந்து, அவளும் நகர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுவர் அவளை விட்டுவிட்டது. சுவருக்கும் அவளுக்கும் நடுவே ஓர் இடம் திறந்து கிடந்தது, அதில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பையை அங்கே வைத்தாள். பை வைத்தால் ஆள் வரமாட்டார்கள். கீழே புங்கமர நிழலில் அம்மா உட்கார்ந்திருப்பாள், ரயிலில் வாங்கிய வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, யாராவது பக்கத்தில் வந்தால் எம்மவ மேல இண்டர்வியூக்குப் போயிருக்கா என்று சொல்லிக்கொண்டு. அம்மாவை நினைக்கக் கூடாது. மேளகர்த்தாவை நினைக்கலாம். எழுபத்திரண்டு தாய் ராகம், ஒவ்வொன்றின் பெயரிலும் முதல் இரண்டு எழுத்துக்குள் அதன் எண் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஓர் எண் உண்டு, எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் போதும். மாயாமாளவகௌளை, மா ஐந்து, யா ஒன்று, ஐம்பத்தொன்று, திருப்பினால் பதினைந்து. பதினைந்தாவது மேளம். எவ்வளவு சுத்தமான காரியம். இதற்குக் காது வேண்டாம். பயப்படும்போதெல்லாம் கண்ணில் படும் பெயர்களை அவள் இப்படித்தான் எண்ணாக்கிக்கொள்வாள். வடிவு, வ நான்கு, டி மூன்று, திருப்பினால் முப்பத்து நான்கு, வாகதீஸ்வரி ராகம். அம்மா கோமதி, ஐம்பத்து மூன்று, கமனாச்ரம. பியூன் பெயர் என்னவோ.

பியூன் யாரையாவது கூப்பிட்டாரோ? கதவைப் பார்த்தாள். இல்லை, மூடியிருந்தது. இப்படித்தான் எப்போதும் கண்ணால் காவல் காக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கத்துச் சத்தம் அவளிடம் வராமல் போவதில்லை. வருகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு, களைத்துப்போய், வலது காதுக்கு வந்து சேர்கிறது. நடுவில் ஒரு மின்விசிறியோ பஸ்ஸோ இருந்தால் வழியிலேயே விழுந்துவிடுகிறது. போன வருஷம் பங்குனியில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் தாடைக்குக் கீழே உப்பி, அம்மா தன் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். பொன் பட்டால் வீக்கம் இறங்கும் என்று தெருவே சொன்னது. காய்ச்சலில் சங்கிலி மட்டும் குளிர்ச்சியாக இருந்தது நினைவிருக்கிறது. வீக்கம் இறங்கிய அன்று காலையில் இடது பக்கம் தலையணையில் அழுந்தியிருந்ததால் மந்தமாக இருக்கிறது என்று நினைத்தாள். புரண்டு படுத்தாள். வலது காது தலையணையில் புதைந்ததும் உலகம் நின்றுபோயிற்று. அம்மாவின் தையல் மிஷின் நின்றது, தெருவில் கீரைக்காரி நின்றாள், காக்கை நின்றது. தலையைத் தூக்கினால் எல்லாம் ஓடின. வைத்தால் நின்றன. தூக்கி, வைத்து, தூக்கி. அன்று மாலை டாக்டர் அம்மாவிடம், இந்த நோயில் சில பிள்ளைகளுக்குக் காது போவதுண்டு என்று சொன்னபோது அம்மாவின் கை சேலை முந்தானையைப் பிடித்தது. டாக்டர் வலது பக்கம் நின்றுகொண்டு விரலைச் சொடுக்கினார். “கேக்குதா?” கேட்டது. அந்தப் பக்கம் கேட்கத்தானே செய்தது. “கேக்குது” என்றாள். மறுபக்கம் வந்து சொடுக்குவார், அப்போது சொல்லலாம் என்றிருந்தாள். அவர் வரவில்லை. மருந்து எழுதப் போய்விட்டார். அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் ஒரு ஆள் அவ்வளவு சத்தமாக அழுது அவள் பார்த்ததில்லை. அந்த அழுகைக்குப் பிறகு எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லலாம். மறுநாள் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். உடைத்த தேங்காயை ஒட்டவைக்க முடியுமா. அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது.

வரிசை மறுபடி நகர்ந்தது. பையையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். வயலினைக் கொண்டுவரவில்லை. இசையியல் படிப்புக்கு வாத்தியம் தேவையில்லை, இசையின் கணக்கும் வரலாறும்தான். அதற்காகவே விண்ணப்பத்தில் அதை எழுதிக் கொடுத்தாள். காய்ச்சலுக்குப் பிறகு முதல்முதலாக வயலினை எடுத்து இடது தோளில் சாய்த்து ஒரு ஸரளி வரிசை இழுத்தபோது, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது. வில் தன் கையில்தான் இருந்தது. அதிர்வு தாடை எலும்பில் ஏறியது. ஆனால் நாதம் பக்கத்து வீட்டில். பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிளஸ் டூ படிப்பு அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு புத்தகங்கள். முன்பெல்லாம் தியரி என்றால் ஓடுகிறவள், நூலகத்தில் உட்கார்ந்து பண்களின் பெயரை மனப்பாடம் செய்தாள். செம்பாலைதான் இன்றைய ஹரிகாம்போதி. பழம்பஞ்சுரம்தான் சங்கராபரணம். இருபத்திரண்டு சுருதி. தாளத்தின் ஆறு அங்கம். செத்துப்போனவர்கள் பாடியதைப் பற்றி, செத்துப்போன வாத்தியங்களைப் பற்றி. யாழை யார் கேட்டிருக்கிறார்கள்? யாருமில்லை. ஊர் முழுக்க யாழுக்குச் செவிடுதான். அதில் அவளும் மற்றவர்களும் ஒன்று. அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நேற்று ராத்திரி ரயிலில் திடீரென்று ஒரு பயம். சங்கராபரணம் என்றால் இப்போது மனதில் வருவது அதன் எண்ணா, ஒலியா? இருபத்தொன்பது என்றுதான் முதலில் வருகிறது. ஒலி பின்னால், தயங்கித் தயங்கி வருகிறது. ஒரு நாள் வராமலே போனால்? எண் மட்டும் நின்றுகொண்டிருந்தால்?

யாரோ தோளைத் தட்டினார்கள். தூக்கிவாரிப் போட்டது. பையை நகர்த்திவிட்டு, நீலத் தாவணி போட்ட ஒரு பெண் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாளோ. “ஏங்க, எத்தனை தடவைதான் கேக்குறது? இதுதான் வரிசையோட கடைசியான்னு கேட்டா, கதவையே பாத்துட்டு இருக்கீங்க. அவ்வளவு பெருமையா?” என்றாள். “இல்லக்கா, ஏதோ யோசனை” என்று வடிவு முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு சொன்னாள். அக்கா என்றதும் அந்தப் பெண் இளகிவிட்டாள். பெயர் அபயா, மாயவரம். போன வருஷமும் வந்து இடம் கிடைக்காமல் போனவள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், வடிவு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ளே ரெண்டு பேர். ஒரு சார், அவர் வரலாறு கேப்பார், நல்ல மனுஷன். அந்த மேடம்தான் கஷ்டம். வாயே திறக்காத மாதிரி பேசுவாங்க. போன வருஷம் என்னைக் காதாலதான் மடக்கினாங்க.” காதாலயா? “ஆமா, எதையாவது வாசிச்சுக் காட்டி என்ன கேக்குதுன்னு கேப்பாங்க.” வடிவின் கைக்குட்டை ஈரமாகிவிட்டிருந்தது. இசையியலுக்குமா? கேட்டே விட்டாள். “எல்லாருக்கும்தான். காது இல்லாம என்ன சங்கீதம்?” என்று சிரித்தாள் அபயா. சிரிப்பில் எந்தக் குத்தலும் இல்லை, எல்லோரும் சொல்வதுதான், தலை வலித்தால் தைலம் போடு என்பதுபோல. எழுந்து போய்விடலாம். படியிறங்கி, அம்மா, இடம் இல்லைன்னுட்டாங்க, வா ஊருக்குப் போவோம். அம்மா நம்புவாள். அம்மா எதையும் நம்புவாள். அதுதான் கஷ்டம். அவள் நம்பாத ஒரு அம்மாவாக இருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம். அறைக்குள் நாற்காலி எப்படிப் போட்டிருப்பார்கள்? மேடம் வலது பக்கம் இருந்தால் பிழைத்தேன். இடது பக்கம் இருந்தால்? கொஞ்சம் கோணலாக உட்காரலாம். கோணலாக உட்கார்ந்தால் மரியாதையில்லை என்பார்களோ. அபயா முழங்கையால் இடித்தாள். “உங்களைத்தான் கூப்பிடுறாரு. வடிவாம்பிகை நீங்கதானே?” பியூன் கதவருகே நின்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் இடது பக்கம். அறைக்குள் கால் வைத்ததும் அதைத்தான் பார்த்தாள். ஜன்னல் ஓரம், மெலிந்த உருவம், சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை, பக்கத்தில் சுவரில் சாய்த்த தம்பூரா. வலது பக்கம் பருத்த சார், வெற்றிலை போட்ட வாய். தலைக்கு மேல் மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல். நாற்காலியைத் திருப்ப நினைத்துக் கை வைத்தாள். அது கனமான மர நாற்காலி, இழுத்தால் சத்தம் போடும். விட்டுவிட்டாள். சார் கேட்டார், பழைய தமிழ் இசையில் ஏழு சுரத்தின் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சொல்லச் சொல்ல வாய்க்குள் கற்கண்டுபோல உருண்டன. “யாழ் ஏம்மா வழக்கத்தை விட்டுப் போச்சு?” “ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான் சார். வீணைல மெட்டு மேல தந்தியை இழுத்து அசைக்கலாம், யாழ்ல அது கஷ்டம். பாட்டுல அசைவு கூடக்கூட யாழ் பின்னால போயிருக்கும்னு ஒரு கருத்து இருக்கு.” சார் தலையாட்டினார். ‘ஒரு கருத்து இருக்கு’ என்று அவள் சொன்ன விதம் அவருக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. அப்போது இடது பக்கம் உதடு அசைவதைக் கண் ஓரத்தில் பார்த்தாள். அதற்குள் பாதிக் கேள்வி போய்விட்டிருந்தது. விசிறி ஒரு சுற்று முனகியது. தென்னாட்டு... எந்த நூற்றாண்டு... எது? எது எந்த நூற்றாண்டு? மறுபடி கேட்கச் சொல்லலாம். கேட்டால் ஏன் கேட்கவில்லை என்பார்கள். மேளகர்த்தா முறையாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். “பதினேழாம் நூற்றாண்டு மேடம்” என்றாள், எழுபத்திரண்டு மேளத்தின் அடுக்கை விளக்கவும் ஆரம்பித்தாள். மேடம் கையை உயர்த்தினார். சார் குழப்பத்தோடு இவளைப் பார்த்தார். “அம்மா, அவங்க கேட்டது வயலினை. வயலின் எப்போ நம்ம பக்கம் வந்துச்சுன்னு. நீ வாசிப்பேன்னு எழுதியிருக்கியே!” முகம் காந்தியது. “தெரியும் சார், பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில, வெள்ளைக்காரங்க கிட்டேருந்து...” தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்தது இப்போது பிந்தி வந்த ஆள்போல வாசலில் நின்றது.

மேடம் தம்பூராவை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, இந்த முறை இவளை நேராகப் பார்த்துப் பேசினார். “நான் மீட்டுறேன். பஞ்சமமும் ஷட்ஜமும்தான் இதுல கட்டியிருக்கு. ஆனா சேர்ந்து ஒலிக்கும்போது யாரும் மீட்டாத ஒரு சுரம் தானா எழும். எதுன்னு சொல்லு.” அந்தர காந்தாரம். கேள்வி முடிவதற்கு முன்பே விடை நாக்கில் வந்து நின்றது. புத்தகத்தில் இருக்கிறது, மந்தர ஷட்ஜத் தந்தியின் உள்ளிருந்து எழும், சுயம்பு சுரம் என்று பெயர். எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவாள். மேடம் மீட்டினார். ஒரு தந்தி, இரண்டாவது, மூன்றாவது, கனத்த நான்காவது. பஞ்சமம் கேட்டது. ஷட்ஜம் கேட்டது. விசிறி கேட்டது. காந்தாரம் கேட்கவில்லை. மறுபடி சுற்றி வந்தது. கேட்கவில்லை. விசிறியாலா, காதாலா? இரண்டு காது உள்ளவர்களுக்கு இந்நேரம் கேட்டிருக்குமா? அல்லது தம்பூராவே சேரவில்லையா? அதை எப்படித் தெரிந்துகொள்வது, இன்னொருவர் காதைக் கடன் வாங்கியா? வலது காதும் போய்க்கொண்டிருக்கிறதோ? இல்லை, இல்லை, அதை நினைக்காதே. விடையைச் சொல், வெளியே போ. பொய் இல்லையே, விடை சரிதானே. காந்தாரம் அங்கே இருக்கிறது என்பது உண்மைதானே, அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஆனால் இதைச் சொல்லி உள்ளே வந்தால் நாளைக்கும் இதே கேள்வி வரும். மூன்று வருஷம், கேட்காத ஒவ்வொன்றையும் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவர் உதட்டையும் வேவு பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் சுவரைத் தேடிக்கொண்டு. எத்தனை சுவர்? சார் முன்னால் சாய்ந்தார். அன்பாகத்தான் கேட்டார். “கேக்குதாம்மா?” அந்த ஒரு சொல். விரல் சொடுக்கும் சத்தம் உடம்பெல்லாம் ஓடியது. வாய் தானாக ‘கே’ என்று தொடங்கிவிட்டது. “கே... கேக்கல சார்.” தம்பூரா நின்றது. “விடை அந்தர காந்தாரம். எனக்குத் தெரியும். ஆனா கேக்கல. எனக்கு இடது காது சுத்தமா கேக்காது. மேடம் முதல்ல கேட்ட கேள்வியும் அதான் விழல. யாருக்கும் தெரியாது சார். எங்கம்மாவுக்கும் தெரியாது.” சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறி வந்தவளைப்போல.

மேடம் எழுந்தார். எழுந்து முதலில் செய்தது விசிறியை நிறுத்தியது. தம்பூராவைத் தூக்கிக்கொண்டு வந்து வடிவின் வலது பக்கம் தரையில் உட்கார்ந்தார். பேராசிரியை ஒருவர் தன் காலடியில் உட்காருவது கூச்சமாக இருந்ததால் வடிவும் நாற்காலியை விட்டு இறங்கினாள். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டைமேல் தந்திக்கடியில் இருந்த நூலை மேடம் விரல் நுனியால் துளித்துளியாக நகர்த்தினார். “கேட்டா மட்டும் சொல்லு. அவசரம் இல்ல.” மீட்டினார். வடிவு வலது காதை அந்தக் குடத்தருகே கொண்டுபோனாள். மரத்தின் வாசனை, மேடத்தின் சேலையில் கஞ்சி வாசனை. ஷட்ஜம், ஷட்ஜம், மறுபடி ஷட்ஜம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு உலையில் கொதி வருவதற்கு முன்னால் எழும்பும் அந்த மெல்லிய இரைச்சலைப்போல, தந்திகளுக்கு மேலே ஏதோ. இருக்கிறதா? தெரிந்திருப்பதால் கேட்கிறதா? ஆசைப்படுவதால் கேட்கிறதா? அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக அந்தச் சுரத்தைப் பிடித்தாள். கொஞ்சம் தாழ்ந்திருந்தது, உரசியது. ஒரு மயிரிழை ஏற்றினாள். உரசல் நின்றது. அவள் குரலும் அதுவும் ஒன்றாகிப் போயின. அவள் பாடுவதை நிறுத்தினாள். அது நிற்கவில்லை. “இருக்கு” என்றாள். “மேடம், இருக்கு.” மேடம் தலையை மட்டும் அசைத்தார். “அதுக்குப் பழைய பேரு?” “கைக்கிளை.” சொன்னதும் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, கண்ணாடியைத் துடைத்தாரா, தெரியவில்லை. “காதும் வேணும்மா இந்தப் படிப்புக்கு” என்றார் அவர். “உன்கிட்ட ஒண்ணு இருக்கு, அது நல்லா இருக்கு.” மேடம் எழுந்து சேலையைத் தட்டினார். “என் வகுப்புல பேசுறவங்க உன் வலப்பக்கம் இருக்குற மாதிரி பாத்து உட்காரு. நான் சத்தமா பேசக் கத்துக்கறேன். இடம் உனக்கு உண்டு. ஆனா ஜூனுக்குள்ள காது டாக்டரைப் பாத்துட்டு வரணும். உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

வெளியே வந்ததும் அபயா என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க என்று கையைப் பிடித்தாள். “அந்த விசிறியை நிறுத்தச் சொல்லுங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இறங்க இறங்கக் கால் கனத்தது. இடம் கிடைத்த செய்தியை முதலில் சொல்வதா, இதை முதலில் சொல்வதா? இடத்தை முதலில் சொன்னால் அம்மா அழுவாள், அந்த அழுகைக்குப் பிறகு இதைச் சொல்ல முடியாது. அது தெரிந்த பாடம். புங்கமரத்தடியில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “என்னட்டி, முகம் இப்படி இருக்கு? கெடைக்கலியா? கெடைக்கலன்னா என்ன, ஊர்ல காலேஜா இல்ல?” “அம்மா, உக்காரு.” அம்மா உட்கார்ந்தாள், இடது பக்கம். “எனக்கு இந்தக் காது கேக்காதும்மா. அந்தக் காய்ச்சல்லருந்து. டாக்டர் அன்னைக்கு இந்தப் பக்கம் சொடுக்கல. நீ அழுதியா, அதான் சொல்லல.” அம்மாவின் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு, “சும்மா சொல்லுத” என்றாள். “ஏட்டி, வெளையாடாத” என்றாள். அவள் குரல் எங்கோ பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. வடிவு எதிரே இருந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அம்மா குனிந்தாள். கூந்தலை ஒதுக்கி, இடது காதோடு வாயை வைத்தாள். காதுமடலில் சூடான மூச்சுப் பட்டது. உதடு இரண்டு மூன்று முறை மடலைத் தொட்டுத் தொட்டு விலகியது. ஏதோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். வெப்பம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. “என்னம்மா சொன்ன?” என்று வடிவு திரும்பினாள். அம்மா சொன்னதை மறுபடி சொல்லவில்லை. மடியிலிருந்த வாழைப்பழம் உருண்டு மண்ணில் விழுந்ததை எடுக்காமல் எழுந்து, மகளைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம் உட்கார்ந்தாள். “ம்,” என்றாள், “மேல என்ன கேட்டாங்கன்னு இப்ப சொல்லு.”